மேல் வீட்டுத் தண்ணீரும் கீழ் வீட்டுக் கூரையும்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டமானாலும், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். கோடையில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். ஐப்பசி பிறந்ததும் வரக்கூடாத இடத்தில் வருகிறது என்பார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்துக் கிடந்த இதே நகரம்தான் 2015-இலும் 2023-இலும் தரைத்தளம் மூழ்கிக் கிடந்தது. இந்த இரண்டு துயரங்களுக்கும் நடுவே ஆண்டு முழுவதும் ஓசையில்லாமல் நடப்பது கசிவு. குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை, படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்த பூச்சு, அலமாரிக்குள் பூஞ்சை வாடை என்று அது மெல்ல வருகிறது. வெள்ளம் செய்தியாகிறது, கசிவு செய்தியாவதில்லை. கட்டடங்களின் ஆயுளை அதிகம் தின்பது இரண்டாவதுதான்.

தனி வீட்டில் ஒழுகினால் காரணமும் சேதமும் செலவும் ஒருவருடையவை. அடுக்குமாடியில் காரணம் ஒரு வீட்டில் இருக்கிறது, சேதம் இன்னொரு வீட்டில் விழுகிறது, சரிசெய்யும் செலவு பல நேரங்களில் எல்லோருக்கும் பொதுவாகிறது. கசிவு தொடர்பான அத்தனை சண்டைகளுக்கும் இந்தப் பிளவே வேர். மேல் வீட்டுக்காரர் தம் வீட்டில் ஒரு குறையையும் பார்ப்பதில்லை, அதனால் அவருக்கு அவசரமில்லை. கீழ் வீட்டுக்காரர் தினமும் வாளி வைக்கிறார், ஆனால் கை வைக்க வேண்டிய இடம் அவர் வசம் இல்லை. ஆகவே இதை இரண்டு குடும்பங்களின் தகராறாகப் பார்ப்பதை விட்டு, கட்டடத்தின் பொதுப் பராமரிப்பு வேலையாக எடுத்துக்கொண்டால்தான் விடிவு உண்டு. தொழில்நுட்பம், சட்டம், காப்பீடு, சங்க நிர்வாகம் என எந்தப் பக்கத்திலிருந்து ஆராய்ந்தாலும் இந்த முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து வருகிறது?

கசிவைக் கண்டதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. அது தவறான வரிசை. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செய்யும் எந்த வேலையும் அடுத்த மழை வரைதான் தாங்கும். கறை தெரியும் இடமும் நீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்குள் நீர் கம்பியை ஒட்டியோ, மின்கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயோ பல அடி நகர்ந்து, எங்கே சிறு வெடிப்பு கிடைக்கிறதோ அங்கே சொட்டும். ஹாலில் ஃபேன் மாட்டிய இடத்தில் நீர் வந்தால் அதற்கு நேர் மேலே குழாய் ஓடுகிறது என்று பொருளல்ல.

இடத்தைவிட நேரம் நம்பகமான துப்பு. இரவு பகல் என்றில்லாமல் ஒரே அளவில் சொட்டிக்கொண்டே இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில், அதாவது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் விநியோகக் குழாயில் குறை இருக்கிறது. காலையில் குளிக்கும் நேரத்தில் கூடி மதியத்துக்குமேல் குறைந்தால் கழிவுநீர்க் குழாயிலோ குளியலறைத் தளத்திலோ குறை. மழை பெய்தால் மட்டும் வந்தால் மொட்டை மாடி, வெளிச்சுவர் வெடிப்பு, ஜன்னல் விளிம்பு, சன்ஷேட் ஆகியவற்றில் ஒன்று. ஏசி ஓடும்போது மட்டும் என்றால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஒரு வாரம் எந்த நேரத்தில் எவ்வளவு என்று தாளில் குறித்து வைத்தாலே பாதி நோய் பிடிபடும்.

அடுத்தது சோதனை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதன் எண்ணையும், இல்லாவிட்டால் தொட்டியின் மட்டத்தையும் குறித்து, காலையில் ஒப்பிடலாம். குளியலறைத் தளத்தின் மேல் சந்தேகம் என்றால், வடிவாயை அடைத்து ஓரிரு அங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் விட்டு, கீழே ஈரம் கூடுகிறதா என்று பார்க்கலாம். கழிப்பறைத் தொட்டியில் சிறிது சாய நீரை ஊற்றி, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருந்தால், பீங்கானில் நிறம் இறங்குகிறதா என்பதிலேயே உள்வால்வின் நிலை தெரிந்துவிடும். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. இவற்றைச் செய்யாமல் டைல்ஸை உடைக்கத் தொடங்குவதுதான் செலவு.

குளியலறைத் தளத்தின் அடியில்

நம் ஊர் ஃபிளாட்டுகளில் மேல் வீடு, கீழ் வீடு சண்டையில் பெரும்பாலானவை ஓர் இடத்தில் பிறக்கின்றன: குளியலறையின் தாழ்த்தப்பட்ட தளம். கட்டும்போது குளியலறை, கழிப்பறைப் பகுதியில் மட்டும் கான்கிரீட் தளத்தை ஏறக்குறைய ஓர் அடி இறக்கி வார்ப்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் படுக்க வைத்து, செங்கல் துண்டோ கட்டட இடிபாடோ போட்டு நிரப்பி, மேலே சிமென்ட் கலவை பரப்பி டைல்ஸ் ஒட்டுவார்கள். குழாய்கள் கீழ் வீட்டுக் கூரையில் தொங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பார்வைக்கு நல்லது. ஆனால் ஒரு குழாய் இணைப்பு விலகினாலும் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

தினமும் குளிக்கும் நீரில் கொஞ்சம் டைல்ஸ் இடுக்குகள் வழியாக இறங்குகிறது. அந்த இடுக்குகளை ஒயிட் சிமென்ட் வைத்து அடைப்பதுதான் நம் வழக்கம். ஆசிட் ஊற்றிக் கழுவக் கழுவ அது கரைந்து போகிறது. தரை வடிவாயான நஹானி டிராப்பைச் சுற்றியும், கமோடின் அடியிலும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும் இதே கதை. இறங்கிய நீர் இடிபாட்டு நிரப்பில் ஊறி, அடியிலுள்ள கான்கிரீட்டின் மேல் குளமாக நிற்கிறது. வார்க்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு சரியாக இருந்தால் அங்கேயே நிற்கும். பிளம்பர் குழாய்க்கு ஓட்டை போட்டபோது அந்தப் பூச்சு கிழிந்திருந்தால் கீழே இறங்கும்.

இதனால்தான் மேல் வீட்டுக்காரர் சொல்வதும் கீழ் வீட்டுக்காரர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது. 'நான் ஊருக்குப் போய்விட்டேன், பாத்ரூம் பூட்டியே கிடக்கிறது, அப்படியும் சொட்டுகிறது என்றால் அது என் வீட்டிலிருந்து இல்லை' என்கிறார் மேலே இருப்பவர். உள்ளே தேங்கிய நீர் வடிய நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். குளியலறையைப் பூட்டியதும் சொட்டு நிற்காது. இந்த ஒரு விவரம் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் பேச்சுவார்த்தை முறிந்திருக்காது.

சரிசெய்வதற்குப் படிகள் உண்டு. முதல் படி, டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கலவையால் நிரப்புவது. நஹானி டிராப், கமோடு ஓரங்களை மீண்டும் அடைப்பது. குறை மேலோட்டமாக இருந்தால் இதிலேயே அடங்கிவிடும். இரண்டாவது, கீழ்க் கூரையில் துளையிட்டு ரசாயனக் கலவையைச் செலுத்தி வெடிப்பை அடைப்பது. இது கீழ் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது என்பதால் பலர் விரும்புகிறார்கள். ஆனால் மேலே தேங்கும் நீர் அப்படியே இருக்கும். ஒரு வெடிப்பை மூடினால் அது வேறு வெடிப்பைத் தேடும். மூன்றாவது, முழுவதையும் உடைத்து, நிரப்பை வாரி, குழாய்களை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றி, மூன்று நாள் நீர் தேக்கிப் பார்த்து, கீழே ஈரமில்லை என்று இரு வீட்டாரும் கண்ட பிறகே டைல்ஸ் ஒட்டுவது. உடைக்க நேர்ந்தால், பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளி டக்டுக்கு ஒரு சிறு வடிகுழாய் வைத்துவிட வேண்டும். நாளை நீர் இறங்கினாலும் கீழ் வீட்டுக்குப் போகாமல் வெளியே சொட்டி எச்சரிக்கும்.

ஒரே நாளில் வரும் வெள்ளம்

கசிவு மெதுவான நோய். வீட்டுக்குள் திடீர் வெள்ளம் வேறு வகை. இங்கே அதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்த குழாய். தொட்டி காலியாக இருக்கும்போது திறக்கிறோம், காற்றுதான் வருகிறது, அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பத்து மணிக்கு வாட்ச்மேன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார். சாதாரணக் குழாய் ஒன்று நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர். சிங்க்குக்குள் ஒரு துணியோ தட்டோ கிடந்து வடிவாயை அடைத்துவிட்டால் அத்தனையும் தரையில் ஓடி, வாசற்படி தாண்டி, லிஃப்ட் குழிக்குள் இறங்கும். தண்ணீர் நேரம் வைத்து வரும் கட்டடங்களில் இந்த ஆபத்து தினசரி உண்டு.

இரண்டு, வளையும் குழாய்கள். கழிப்பறையின் ஹெல்த் ஃபாசெட், வாஷ் பேசினுக்கும் கீஸருக்கும் போகும் இணைப்புக் குழாய், வாஷிங் மெஷின் ஹோஸ், குடிநீர்ச் சுத்திகரிப்பானின் மெல்லிய குழாய் ஆகியவை எல்லாம் சுவருக்குள் பதித்த குழாய்களைவிடப் பலவீனமானவை. ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடியை விட்டால் நீர் நின்றுவிடுகிறது. ஆனால் சுவரில் உள்ள அதன் மூடுகுழாயான ஆங்கிள் காக் திறந்தே இருப்பதால் அந்த வளைகுழாய் இரவும் பகலும் முழு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. மேல்மாடிகளுக்கு அழுத்தம் கூட்டும் பம்ப் வைத்த கட்டடங்களில் இந்தச் சுமை இன்னும் அதிகம். ஒருநாள் முனையில் உள்ள பிளாஸ்டிக் நட் வெடிக்கிறது. வீட்டில் ஆள் இருந்தால் ஒரு வாளி நீரோடு போகும். குடும்பம் ஊரில் இருந்தால் தொட்டி காலியாகும் வரை ஓடும். ஒவ்வொரு முறையும் ஆங்கிள் காக்கை மூடுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வளைகுழாய்களை மாற்றுவதும் சில நூறு ரூபாய் வேலை. வெளியூர் போகும்போது வீட்டின் பிரதான வால்வை மூடுவதற்குச் செலவே இல்லை.

மூன்று, நிரம்பி வழியும் தொட்டி. பால் வால்வ் பழுதாகியோ, தானியங்கிக் கருவியின் சென்சார் உப்புப் படிந்து வேலை செய்யாமலோ போனால், தொட்டி வழிந்து மொட்டை மாடி நனைந்துகொண்டே இருக்கும். மழையில்லாத மாதத்தில் மேல்மாடிக் கூரை ஒழுகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியைத்தான்.

இவற்றைத் தவிர்க்க, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள அனைவருக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மா உட்பட, பிரதான வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பல ஃபிளாட்டுகளில் அது டக்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ இருக்கிறது. எது எந்த வீட்டுக்கு என்று எழுதியிருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடாததால் இறுகிப் போயும் இருக்கும். எந்த வால்வு யாருடையது என்று பெயின்டில் எண் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

மொட்டை மாடி யாருடையது?

மேல்மாடிக்காரரின் கூரை ஒழுகும்போது கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், 'எங்களுக்கு என்ன, மேலே இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்பது பல சங்கங்களில் கேட்கும் குரல். இது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதி எது என்று வரையறுக்கும்போது மொட்டை மாடியையும், தண்ணீர்த் தொட்டி, சம்ப், மோட்டார், டக்ட் ஆகியவற்றையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கூரை என்பது கட்டடம் முழுமைக்கும் குடை. அதன் செலவு எல்லா வீடுகளுக்கும் பொது.

நம் பழைய கட்டடங்களில் கூரைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். சரியான சாய்வோடு போட்ட அந்தத் தளம் பல பத்தாண்டுகள் தாங்கியது. இப்போது அவசரத்தில் போடுவதில் ஜல்லி சரியாக இறுகுவதில்லை. அதற்கு மாற்றாகச் சுருள் விரிப்புகளும், ரப்பர் போல் இழுபடும் பூச்சுகளும் வந்துள்ளன. எதுவானாலும் அடிப்படை விதி சாய்வுதான். 100-க்கு 1 என்ற அளவிலாவது நீர் இறங்குகுழாய் வாயை நோக்கி ஓட வேண்டும். தேங்கும் இடம் இருந்தால் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் வெப்பத்தைக் குறைக்கும். வெடிப்பைத் தாண்டி இறங்கும் நீரை அதை மட்டும் நம்பித் தடுக்க முடியாது.

நன்றாகப் போட்ட தளத்தையும் நாமே கெடுக்கிறோம். டிஷ் ஆன்டெனாவுக்கும், சூரிய மின்தகட்டுக்கும், துணிக் கொடிக்கும், ஏசி வெளிப்பெட்டிக்கும் மொட்டை மாடியில் துளை போடும்போது நீர்த்தடுப்புப் படலம் கிழிகிறது. அடியில் மேடை கட்டாமல் தரையிலேயே அடுக்கிய தொட்டிச் செடிகளின் வேர் இடுக்கில் இறங்குகிறது. மொட்டை மாடியில் துளையிட வேண்டுமானால் சங்கத்தின் அனுமதி வேண்டும், துளையிட்டவரே அதை அடைத்துத் தர வேண்டும் என்று விதியில் எழுதுவது கடுமையல்ல.

மழையின் அளவை எண்ணிப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதே மாடியில் அது 45,000 லிட்டருக்கு மேல். இறங்குகுழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையும் நான்கு வேப்பிலைக் கொத்தும் அடைத்துக்கொண்டால் மொட்டை மாடி குளமாகிவிடும். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அந்த வாயைச் சுத்தம் செய்ய ஒருவர் பொறுப்பேற்றால், கூரை ஒழுக்கில் பெரும்பங்கு குறையும்.

கறையில் தொடங்கிக் கம்பி வரை

கறையை அழகுக் குறையாக மட்டும் எண்ணித் தள்ளிப்போடுவது ஆபத்தானது. கூரைக் கான்கிரீட்டில் கம்பியை மூடியிருக்கும் அடுக்கு மிக மெல்லியது. இந்தியத் தரநிர்ணயத்தின் 2000-ஆம் ஆண்டு விதி, சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு அதைவிட அதிகம் கேட்கிறது. நீரும் காற்றும் சேர்ந்து அந்த அடுக்கைத் தாண்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இடம் போதாமல் கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்புகிறது. முதலில் கம்பி ஓடும் நேர்கோட்டில் வெடிப்பு, பிறகு காரை பெயர்ந்து விழுதல், கடைசியில் துருவேறிய கம்பி வெளியே தெரிதல். இந்த நிலையில் மேலே சிமென்ட் பூசி மூடுவது சீழை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சடித்து, பாலிமர் கலவையால் கட்ட வேண்டும். எவ்வளவு சேதம் என்று கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே அதைப் பரிசோதித்த பொறியாளர், நீச்சல்குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுவிட்டது, சாய்வில்லாமல் போட்டதால் நீர் தேங்கிக் கான்கிரீட் அரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார். செலவை எப்படிப் பங்கிடுவது என்ற வாதத்திலேயே காலம் போனது. வடிவமைப்புக் குறைகளும் அந்தக் கட்டடத்தில் இருந்தன. கசிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உரிமையாளர்கள் கூடிப் பேசிப் பேசிப் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்ட அந்த மூன்றாண்டுக் கதை நம் சங்கக் கூட்டங்களுக்கு அந்நியமானதல்ல.

தெருவிலிருந்து ஏறும் நீர்

2015 டிசம்பரில் அடையாற்றங்கரையின் கோட்டூர்புரமும் மணப்பாக்கமும் முடிச்சூரும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகளும் நாள்கணக்கில் நீரில் நின்றன. ஏரியும் சதுப்பும் இருந்த இடத்தில் நகரம் வளர்ந்ததன் விலை இது. அதை ஒரு குடியிருப்புச் சங்கத்தால் திருத்த முடியாது. ஆனால் நீர் ஏறும்போது எது கெட வேண்டும், எது தப்ப வேண்டும் என்பதில் சங்கத்தின் கை நிறையவே உண்டு.

முதலில் சம்ப். அதன் மூடி தரைமட்டத்தில் இருந்தால் தெருநீரும் சாக்கடையும் கலந்து உள்ளே இறங்கும். கட்டடத்தின் குடிநீர் ஒரே இரவில் போய்விடும். மூடியைச் சுற்றி, முன்பு வந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் சுவர் எழுப்பி இறுக மூடுவது ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலை. அடுத்தது மின்சாரம். ஸ்டில்ட் தளத்தில் முழங்கால் உயரத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் ஜெனரேட்டரையும் உயர்த்திவிட வேண்டும். மின்கசிவைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டிலும் பொதுப் பகுதியிலும் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தரைத்தள வீடுகளில் கழிப்பறை வழியாக மேலெழும் சாக்கடை. தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பும்போது நீர் பின்னோக்கி வந்து, தாழ்வாக உள்ள கமோடிலும் நஹானி டிராப்பிலும் பொங்குகிறது. கட்டடத்தின் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு பொருத்தினால் இது தடுக்கப்படும். அது இல்லாத இடத்தில், மழை எச்சரிக்கை வந்ததும் மணல் மூட்டையால் அந்த வாய்களை அடைப்பதைத் தரைத்தளக்காரர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள்.

நான்காவது, லிஃப்டும் வாகனமும். நீர் ஏறத் தொடங்கும் முன்பே லிஃப்டை மேல்மாடிக்கு அனுப்பி நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் இயக்கினால் அது உடையும்; தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திராவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அந்தச் செலவை ஏற்காது.

வெள்ளம் வடிந்த பிறகு சம்பையும் தொட்டியையும் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட பிறகே நீர் நிரப்ப வேண்டும். வழக்கமான நீருக்கு 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுச் சுகாதார நூல்களின் அளவு. கலந்து ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மாசுபட்ட நீருக்கு அது போதாது. மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுச் செய்வதே நல்லது.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டுக்குள் நீர் வந்துவிட்டால் வரிசை முக்கியம். சுவிட்சு, பிளக் பாயின்ட், ஃபேன் எதையாவது நீர் தொட்டிருந்தால், ஈரமில்லாத இடத்தில் நின்றபடி மெயினை அணைக்க வேண்டும். மெயினுக்குப் போகும் வழியே ஈரமென்றால் போகக் கூடாது, எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். பிறகு வால்வை மூட வேண்டும். பிறகு மேலும் கீழும் உள்ள வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பலூன்போல் வீங்கியிருந்தால், மின்சாரம் அணைந்த பிறகு ஓரத்தில் சிறு துளையிட்டு வாளியில் வடிப்பது, முழுவதும் பெயர்ந்து விழுவதைத் தடுக்கும். இதற்கிடையே தொலைபேசியில் படமெடுத்து வைக்க வேண்டும்: எங்கிருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில். பின்னால் எழும் கேள்விகளுக்கெல்லாம் அதுவே சாட்சி.

அடுத்து வேண்டியது பொறுமை. நனைந்த சுவர் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். அதற்குள் புட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் பொரிந்து உதிரும். ஜன்னலைத் திறந்து, ஃபேன் ஓடவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தி வைத்துக் காயவிடுவதே முதல் மருத்துவம். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் பூஞ்சை பிடித்த அறையில் படுக்க வேண்டாம்.

யார் பொறுப்பு?

பொதுவான கோடு இது: ஒரு வீட்டுக்குள் மட்டும் பயன்படும் குழாய், தளம், சாதனம் ஆகியவை அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. பல வீடுகளுக்குச் சேவை செய்யும் நெடுக்குக் குழாய், டக்ட், தொட்டி, வெளிச்சுவர், மொட்டை மாடி ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. தாழ்த்திய தளத்துக்குள் இருக்கும் குழாய் யாருடையது என்பதுதான் சண்டைக்கிடம். சங்க விதியில் அதை வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை வரும் நாளில் வாதம் மிஞ்சாது.

கட்டடம் புதிதென்றால் கட்டியவரிடம் கேட்க உரிமை உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து அறிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். ஆகவே நான்காவது ஆண்டு முடிவில், கறை இருக்கிறதோ இல்லையோ, சங்கம் ஒரு முறை முழுச் சோதனை நடத்தி எழுத்தில் அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். வாடகை வீடு என்றால், 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கட்டமைப்புப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரிடமும், குழாய் வாஷர், வடிகால் சுத்தம் போன்ற சிறு வேலைகளை வாடகைதாரரிடமும் ஒப்படைக்கிறது.

காப்பீடு நம்மில் பலர் எண்ணாத துணை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய 'பாரத் கிரஹ ரக்ஷா' திட்டத்தில், வெள்ளமும் புயலும் மட்டுமல்ல, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ உண்டாகும் சேதமும் அடங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊறிய கசிவுக்கும் தேய்மானத்துக்கும் பணம் கிடைக்காது. திடீர் விபத்துக்குத்தான் காப்பீடு கைகொடுக்கும், அலட்சியத்துக்கு இல்லை.

சங்கத்தின் வேலை

இவை அனைத்தையும் ஒரு தனி வீட்டுக்காரர் செய்ய முடியாது. சங்கம் நான்கு காரியங்களை ஏற்றால் போதும். முதலாவது, நாட்காட்டி. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி வேலை, ஆவணிக்குள் வெளிச்சுவர் வெடிப்பு அடைப்பு, புரட்டாசியில் இறங்குகுழாய், மழைநீர்த் தொட்டி, சேம்பர் சுத்தம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் ஈரத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. இரண்டாவது, ஆவணம். குழாய் எங்கே ஓடுகிறது, எந்த வால்வு யாருடையது, எந்த ஆண்டு எங்கே ஒழுகியது, யார் எதை வைத்துச் சரிசெய்தார் என்று ஒரு பதிவேடு. செக்ரட்டரி மாறினாலும் கட்டடத்தின் நினைவு மாறக் கூடாது. மூன்றாவது, பணம். மாத மெயின்டனன்ஸிலிருந்து ஒரு பகுதி பெரிய பழுதுக்கென்று தனிக் கணக்கில் சேர வேண்டும். கூரை ஒழுகிய பிறகு வீட்டுக்கு இவ்வளவு என்று கேட்கும்போதுதான் எல்லாச் சண்டையும் வருகிறது. நான்காவது, நுழையும் உரிமை. கசிவு புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் மேல் வீட்டில் சோதனை நடக்கும், செலவை முதலில் சங்கம் ஏற்கும், காரணம் தெரிந்த பிறகு பொறுப்புள்ளவரிடம் வசூலிக்கும் என்று விதி எழுத வேண்டும்.

நான்கில் கடைசியானதே மிக அவசியமானது. இன்று பெரும்பாலான கட்டடங்களில் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி முடியும் வரை யாரும் டைல்ஸைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில் சொட்டு நிற்பதில்லை, துருவும் நிற்பதில்லை. முதலில் நீரை நிறுத்துவது, பிறகு கணக்குப் பார்ப்பது என்று வரிசையை மாற்றினால், செலவு குறையும். அதைவிட முக்கியமாக, ஒரே படிக்கட்டில் இருபது ஆண்டு ஏறி இறங்க வேண்டிய இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துப் பேச முடியும். புரட்டாசிக்கு முன்னால் வரும் அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த ஒரு தீர்மானத்தையாவது நிறைவேற்றிவிட வேண்டும்.